நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

புட்டியில் மருந்து குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

தமிழ்நிலா அதை ஆய்வக ஜன்னலின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பழுப்புக் கண்ணாடிதான் என்றாலும் உள்ளே திரவம் எதுவரை நிற்கிறது என்று தெரிந்தது. பாதிக்கும் மேலே. மேசைமேல் நிறுத்தி, குனிந்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் பார்த்தாள். பாதிக்கும் மேலேதான்.

அந்தப் பள்ளி திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகும் வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பு. தண்ணீர்க் குழுவின் தலைவி. தலைமை ஆசிரியை மணிமேகலை டீச்சர் காலையிலேயே அவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு, "ரெண்டு மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வாராரு. தண்ணி நோட்டையும் பெட்டியையும் நல்லாத் தொடச்சு என் மேசையில வச்சிரு" என்று சொல்லியிருந்தார். துடைக்கப் போன இடத்தில்தான் புட்டி கண்ணில் பட்டது.

பள்ளிக்கூடத்து மாடியில் பெரிய கறுப்புத் தொட்டி இருக்கிறது. நானூறு பிள்ளைகளும் அதில் வரும் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர் பேச்சாயி தினமும் அதில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவாள். பவுடரில் உள்ள குளோரின் தண்ணீரில் இருக்கும் கிருமிகளோடு சண்டை போடும். போடும்போது தானும் செலவாகும். கிருமி எல்லாம் செத்த பிறகும் கொஞ்சம் குளோரின் மிச்சம் இருந்தால், தண்ணீருக்குக் காவல் இருக்கிறது என்று அர்த்தம். மிச்சமே இல்லை என்றால், சண்டையில் யார் ஜெயித்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த மிச்சத்தைத்தான் பிள்ளைகள் தினமும் அளந்தார்கள்.

அளப்பது சுலபம். ஒரு கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, புட்டியிலிருந்து ஐந்து சொட்டு விட்டு, மூடிக் குலுக்கவேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். அதனால் பிள்ளைகள் அதை மஞ்சள் மருந்து என்றார்கள். கூடவே ஓர் அட்டை. அதில் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் மஞ்சள் வரை நான்கு பட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். எந்தப் பட்டையோடு நிறம் பொருந்துகிறதோ அந்த எண்ணை நோட்டில் அன்றைய கட்டத்தில் எழுதவேண்டும். 0.5 என்றால் நல்ல காவல்.

புட்டியில் முந்நூறு சொட்டு இருக்கும், அறுபது சோதனைக்கு வரும் என்று அதன்மேலேயே ஒட்டியிருந்தது. ஜூன் மாதம் பிரித்த புட்டி. நோட்டில் இன்று காலையோடு நாற்பத்தெட்டுக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. நாற்பத்தெட்டு ஐந்து, இருநூற்று நாற்பது. அறுபது சொட்டுதான் மிச்சம் இருக்கவேண்டும். அதாவது அடியில் விரல் அகலத்துக்கு.

மூன்று பேர் குழு. ஆளுக்கு ஒரு நாள் முறை: தமிழ்நிலா, ஆனந்த்ராஜ், தீபா. அவள் தன்னுடைய பதினாறு நாளில் ஒரே ஒரு நாள்தான்…

அந்த ஒரு நாள் நேற்றிரவு அவளைத் தூங்கவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள். மல்லி கிலோ என்ன விலைக்கும் போகும் என்று அப்பா சொன்னதால், விடிவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் ஊரான அகரத்தில் இருந்த தோட்டத்தில் மொட்டுப் பறிக்கப் போனார்கள். முந்தைய இரவு பெய்த மழையில் செடி நனைந்து, பறிப்பது இரட்டிப்பு நேரம் பிடித்தது. பஸ் போய்விட்டது. பள்ளிக்கு வந்து சேரும்போது முதல் பாடவேளை பாதி முடிந்திருந்தது. இடைவேளையில் ஓடிப்போய் நோட்டைத் திறந்தாள். முந்தின நாள் 0.5. அதற்கு முந்தின நாள் 0.5. அவளும் 0.5 என்று எழுதினாள். பேனா ஒரு வினாடிகூட நிற்கவில்லை.

புதன்கிழமை இரவு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. இன்று காலை அந்த வகுப்பில் பதினோரு பேர் வரவில்லை. நான்கு பேர் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி ஜக்கு. முழுப்பெயர் ஜக்கம்மாள். அகரத்திலிருந்து அவளோடுதான் பஸ்ஸில் வருவாள். ஜன்னல் சீட்டுக்குத் தினமும் சண்டை போடுவாள். இன்று ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. தமிழ்நிலா அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள்.

ஆனால் ஒரு நாள் அளக்காததால் மிஞ்சுவது ஐந்து சொட்டு. பாதிப் புட்டி எப்படி மிஞ்சும்?

அவளுக்கு ஒரு கணக்கு இடறினால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரியாது. ஒருவேளை சொட்டின் அளவு சின்னதோ? அலமாரியிலிருந்து ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்து, தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு, மருந்தைச் சொட்டுச் சொட்டாக அதற்குள் விட்டாள். இருபதாவது சொட்டில் சரியாக ஒரு மில்லிக் கோட்டைத் தொட்டது. புட்டி பதினைந்து மில்லி. பதினைந்து இருபது, முந்நூறு. சொட்டு சரியான அளவுதான். சிரிஞ்சில் இருந்ததைத் திரும்ப ஊற்றி, புட்டியில் நிற்கும் உயரத்தை அளவுகோலால் பார்த்தாள்; மிஞ்சியிருப்பது ஒன்பது மில்லி. செலவானது ஆறு. ஆறு மில்லிக்கு நூற்றிருபது சொட்டு. இருபத்துநான்கு சோதனை.

நாற்பத்தெட்டுக் கட்டம், இருபத்துநான்கு சோதனை.

மீதி இருபத்துநான்கு? அதில் ஒன்று அவளுடையது. இருபத்துமூன்று?

வேறு ஒரு வழி தோன்றியது. அது இன்னும் மோசமாக இருந்தது. யாராவது மருந்தைக் கொட்டிவிட்டு, பயத்தில் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால்? அப்படியானால் புட்டியில் இருப்பது மருந்தே இல்லை. ஆனந்த்ராஜும் தீபாவும் அளக்காமல் எழுதியிருப்பார்கள் என்று மட்டும் அவளுக்கு நினைக்க வரவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொற்கட்டைக் கணீரென்று வாசிப்பவனே ஆனந்த்ராஜ்தான்.

சொற்கட்டு என்பது மணிமேகலை டீச்சர் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழுவும் தன் வாக்கைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகையில் மாட்டவேண்டும். யாரும் மேற்பார்வை பார்க்கமாட்டார்கள். "உங்கள நான் நம்புறேன். நம்புனாத்தான் நேர்மை வளரும்" என்று சொன்னார். தண்ணீர்க் குழுவின் வாக்கில் மூன்று வரி. அளந்ததை எழுதுவோம். அடுத்தவர் நலத்துக்கு அளப்போம். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடமாட்டோம். மூன்றாவது வரியை டீச்சரே சேர்க்கச் சொன்னார். வாக்கை மீறியவர் பெயர் திங்கட்கிழமை மைக்கில் வாசிக்கப்படும். அவ்வளவுதான் தண்டனை, அடி கிடையாது, அபராதம் கிடையாது.

போன வருடம் இந்தக் குழுவில் மோகன்குமார் இருந்தான். ஒரு நாள் காய்ச்சலோடு வந்தவன் அளக்க மறந்து கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான். பெயர் வாசிக்கப்பட்டது. அன்றிலிருந்து அவன் பெயர் "ஓட்டைக் கட்டம்". "ஏலே ஓட்டைக் கட்டம், ஓரமாப் போடா, காத்து வருது" என்பார்கள். நான்கு நாள் பள்ளிக்கே வரவில்லை. வந்த பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

புட்டியில் இருப்பது மருந்துதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குளோரின் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த தண்ணீரில் விட்டுப் பார்க்கவேண்டும். அதில் மஞ்சளாகவில்லை என்றால் மருந்து கெட்டது. அவள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறைக்குப் போனாள். பேச்சாயி அங்கே வாசலில் உட்கார்ந்து விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பேச்சாயிக்கா, ஒரு சிட்டிகை பவுடர் வேணும்."

"அள்ளிக்கத்தா. மூட்டை அந்தா, வாயத் தெறந்துதான் கெடக்கு." அவள் நிமிராமலே சொன்னாள். "இன்ஸ்பெக்டரு என்னையக் கேப்பாரு, பாத்துக்க. அரை டம்ளர். தெனமும் அரை டம்ளர். ஒருநா கூட நான் விட்டதில்ல. எங்க வேணாலும் வந்து சத்தியம் பண்ணுவேன்."

"மூட்டை எப்ப வாங்குனதுக்கா?"

"பொங்கல் கழிச்சு. முன்னல்லாம் வாயத் தெறந்தா மூக்கக் கரிக்கும், கண்ணுல தண்ணி வரும். இப்ப அம்புட்டு வாடை இல்ல. பழகிருச்சு போல."

தமிழ்நிலா மூட்டையின் மேல் குனிந்தாள். சுண்ணாம்பு மாதிரிதான் வாசம் வந்தது. தும்மல்கூட வரவில்லை. பிளீச்சிங் பவுடர் உப்பு மாதிரி அப்படியே கிடக்கிற பொருள் இல்லை. காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் அதிலிருந்து குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துபோகும். கடைசியில் வெறும் சுண்ணாம்புத் தூள் மிஞ்சும். பேச்சாயி சொன்னது உண்மை. அவள் தினமும் அரை டம்ளர் போட்டாள். அந்த அரை டம்ளரில் இருந்த சத்துதான் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

போன வியாழக்கிழமை மஞ்சள் கொஞ்சம் வெளுத்திருந்தது அவளுக்கு நினைவு வந்தது. 0.2 பட்டைக்கும் 0.5 பட்டைக்கும் நடுவில். 0.5 என்றே எழுதினாள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி ஓடினாள். அங்கே மாடித் தொட்டியிலிருந்து தனியாக இறங்கும் குழாயைத் திறந்து, சோதனைக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்தாள். ஐந்து சொட்டு. குலுக்கினாள். வெள்ளைத்தாளை அதன் பின்னால் பிடித்துப் பார்த்தாள்.

தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

இன்னொரு குழாயில் தண்ணீர் பிடித்து அதில் அந்தச் சிட்டிகைப் பவுடரைப் போட்டாள். சத்து குறைந்த பவுடர்தான். ஆனாலும் ஒரு சிட்டிகை இத்தனூண்டு தண்ணீருக்குப் போதும். ஐந்து சொட்டு விட்டதும் ஆரஞ்சு வண்ணமாகத் திரண்டது. அட்டையில் இருந்த எந்தப் பட்டையையும்விட அடர்த்தியாக.

மருந்து நல்ல மருந்து. அப்படியானால் தொட்டித் தண்ணீரில் குளோரின் இல்லை. துளிகூட இல்லை.

நோட்டில் இன்றைய கட்டத்தைப் பார்த்தாள். தீபாவின் உருண்டைக் கையெழுத்தில் 0.5. இன்று காலை 8.50.

அப்போதுதான் அந்த இருபத்துமூன்றும் அவளுக்குப் புரிந்தது. தான் மட்டும்தான் திருடி என்று நினைத்துக்கொண்டு நேற்றிரவிலிருந்து செத்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்ற இருவரும் அளக்கிறார்கள் என்று நம்பி, முந்தின நாளின் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முந்தின நாளின் எண்ணும் அதற்கு முந்தின நாளைப் பார்த்து எழுதியது.

புரிந்ததில் நிம்மதி வரவில்லை. பயம்தான் இன்னும் பெரிதானது.

வெளியே சத்துணவுக்கூடத்துப் பக்கம் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அங்கே ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு முடியாமல் போனதற்கு புதன்கிழமை போட்ட முட்டைதான் காரணம் என்று யாரோ சொல்லப்போய், இரண்டு அப்பாக்கள் சமையல்காரி மாயம்மாளைக் கேட்டின் அருகே பிடித்துக்கொண்டார்கள்.

"கெட்ட முட்டையப் போட்டுப் பிள்ளைகளக் கொல்லப் பாத்தியா?"

"அதே சட்டி முட்டையத்தான்யா நானும் தின்னேன்! நான் இந்தா கல்லாட்டம் நிக்கிறேன்ல?" மாயம்மாளின் குரல் உடைந்திருந்தது. "தண்ணியப் பாருங்கய்யா, தண்ணிய."

"தண்ணி நோட்டு சரியாத்தான் இருக்கு. டீச்சரே சொல்லிட்டாங்க."

தமிழ்நிலா ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் நோட்டு சரியாக இருக்கிறது. அதனால் யாரும் தண்ணீரைப் பார்க்கமாட்டார்கள். மாயம்மாளுக்கு வேலை போகும். பிள்ளைகள் இன்றும் அதே தண்ணீரைக் குடிப்பார்கள். நாளையும் குடிப்பார்கள்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. மோகன்குமார் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதற்கே அந்தப் பெயர் வந்தது. அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள்? ஜக்குவின் அம்மா என்ன சொல்வாள்? ஒரே தெரு. ஒரே குழாயடி.

நோட்டைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடலாம். இன்று வியாழக்கிழமை, அவள் முறை இல்லை. இப்படி நினைத்துக்கொண்டே நோட்டை மூடினாள். துணியால் அட்டையைத் துடைத்தாள். பெட்டியையும் துடைத்தாள்.

மணி அடித்தது. சாப்பாட்டு மணி.

நானூறு பிள்ளைகள் தட்டோடு வெளியே வருவார்கள். வந்ததும் முதலில் குழாயடிக்குத்தான் போவார்கள்.

அவள் ஓடினாள்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய், குழாயடிக்குப் பின்பக்கம் சுவரோடு வருகிறது. இடுப்பு உயரத்தில் அதில் ஒரு வால்வு; மேலே சிவப்புச் சக்கரம். வலப்பக்கம் சுற்றினால் மூடும். ஆனால் ஒரே சுற்றில் மூடாது. உள்ளே ஒரு தகடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் குழாயை அடைக்கவேண்டும். துரு பிடித்திருந்தது. பாவாடைத் துணியைச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, உடம்பு முழுவதையும் சாய்த்துத் திருகினாள். ஒன்று. இரண்டு. எட்டாவது சுற்றில் நின்றது.

மூடிவிட்டாலும் வால்வுக்கும் குழாயடிக்கும் நடுவில் இருக்கும் குழாயில் தண்ணீர் நிற்கும். அது தீரும்வரை வரத்தான் செய்யும். சுவரைச் சுற்றி முன்பக்கம் வந்தபோது ஏழெட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே கையைக் குவித்துக் குனிந்திருந்தார்கள்.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!" ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவள் சட்டையெல்லாம் தெறித்தது.

"என்னக்கா நீ! தொண்டை காஞ்சு கெடக்குக்கா."

"துப்பு. வாயில இருந்தாத் துப்பிரு."

"ஏய், லீடரம்மாவுக்கு என்னடா ஆச்சு?"

"தண்ணிய வித்துட்டாங்கடா லீடரம்மா! இனிமே பாட்டில் இருவது ரூவா!"

சிரித்தார்கள். குழாய்கள் ஒவ்வொன்றாக இளைத்து, சொட்டி, நின்றன. சிரிப்பும் நின்றது. பின்னால் நின்றவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மணிமேகலை டீச்சர் வேகமாக வந்தார். கூட்டம் விலகியது.

"யாரு தண்ணிய அடச்சது?"

"நான்தான் டீச்சர்."

"தமிழ்நிலாவா?" அவருக்கு நம்பமுடியவில்லை. "ஏம்மா?"

"தண்ணியில குளோரின் இல்ல டீச்சர். இப்பத்தான் அளந்தேன். நெறமே மாறல."

"காலையில 0.5-னு இருக்கே. நான் பாத்தேனே."

கூட்டத்தின் முன்வரிசையில் தீபா நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு. முகத்தில் இரத்தமே இல்லை. அவள் தமிழ்நிலாவைப் பார்த்துத் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். சொல்லாதே என்று.

தீபாவைப் பற்றிச் சொன்னால் சுலபமாக முடிந்துவிடும். காலையில் எழுதியது தீபா. செவ்வாய்க்கிழமையை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

"செவ்வாக்கெழமை நான் அளக்கல டீச்சர்" என்றாள். "அளக்காமயே எழுதுனேன். மழ பெஞ்ச மறுநா. அன்னைக்கு அளந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

தமிழ்நிலா டீச்சரின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்துவிட்டால்கூட நல்லது என்று தோன்றியது.

"இன்னைக்கு நானும் அளக்கல மிஸ்." தீபா அழுதுகொண்டே சொன்னாள்.

பின்னாலிருந்து ஆனந்த்ராஜின் குரல் வந்தது. கணீரென்று இல்லை. "நானும்தான் டீச்சர். ரொம்ப நாளா."

இன்ஸ்பெக்டர் இரண்டு மணிக்கு வரவேண்டியவர் ஒன்றேகாலுக்கே வந்தார். அவரும் தன் பெட்டியை எடுத்து அளந்தார். அவருடைய குழாயிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மோட்டார் தண்ணீரை உறிஞ்சும் தரைத் தொட்டியைத் திறக்கச் சொன்னார். அதன் மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. திங்கட்கிழமை இரவு மழையில் மைதானத்து அழுக்குத் தண்ணீர் அந்த ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. சத்துள்ள குளோரின் இருந்திருந்தால் அதோடு சண்டை போட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை விளையாட்டு வகுப்பு ஆறாம் வகுப்புக்கு; வெயிலில் ஓடிவிட்டு வந்து எல்லோரையும்விட அதிகம் குடித்தவர்கள் அவர்கள்தான். தொட்டியைக் காலி பண்ணிக் கழுவச் சொன்னார். பழைய மூட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதுப் பவுடரை மூடி போட்ட வாளியில் வைக்கச் சொன்னார். போகும்போது மாயம்மாளைப் பார்த்து, "முட்டையில ஒண்ணுமில்லம்மா, நீங்க வேலையப் பாருங்க" என்றார். மாயம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மூன்று பேரும் தலைமை ஆசிரியை அறையில் நின்றார்கள். மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது.

"பதினோரு பிள்ளைக" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்கள நம்புனேன். யாரும் மேல நின்னு பாக்கவேணாம்னு சொன்னேன். திங்கக்கெழமை மூணு பேர் பேரும் வாசிக்கப்படும். இனிமே கட்டத்துல ரெண்டு கையெழுத்து. கட்டம் காலியா இருந்தா ரெண்டு பேர் பேரையும் வாசிப்பேன்."

தீபா தேம்பினாள். ஆனந்த்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமிழ்நிலாவுக்கு வாயைத் திறக்க தைரியம் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கு அவளை விடவில்லை. அவளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப்பார்க்கத் தோன்றியது. பஸ் போய்விட்டது. தாமதமாக வந்தாள். நோட்டைத் திறந்தாள். அங்கே நின்றது மனசு.

"டீச்சர்" என்றாள். "ஒண்ணு கேக்கலாமா? திட்டமாட்டீங்கள்ல?"

"கேளு."

"செவ்வாக்கெழமை நான் அளக்கல. அப்ப அந்தக் கட்டத்துல நான் என்ன எழுதியிருக்கணும்?"

"உண்மைய எழுதியிருக்கணும்."

"எங்க டீச்சர்? எண்ணுதான எழுதமுடியும். அளக்காம எண்ணு எழுதுனா பொய். எழுதாம விட்டா மோகன்குமாரு." நோட்டின் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "அன்னைக்கு அவன் பொய் சொல்லல டீச்சர். அளக்கல, அதான் எழுதல. அவன் ஒருத்தன்தான் சரியாச் செஞ்சான். அவன் பேரத்தான் வாசிச்சோம். அதப் பாத்துத்தான் நாங்க பழகுனோம்."

ஆனந்த்ராஜ் திரும்பி அவளைப் பார்த்தான். "நான் மொத மொத எழுதுனது பெட்டிச் சாவி கெடைக்காத அன்னைக்கு டீச்சர்" என்றான் மெதுவாக. "ஒரே ஒரு நாளைக்குன்னு நெனச்சேன். அப்பறம் தெனமும் ஈசியா வந்துருச்சு."

மணிமேகலை டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். ஒரே மாதிரி 0.5, 0.5, 0.5. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. போன மாதம் இதே நோட்டைக் காட்டித்தான் பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகப் பேசினார். மூன்று பேரும் மாறி மாறிக் காலை ஊன்றி நின்றார்கள்.

"மூணாவது வரிய நான்தான சேத்தேன்" என்றார் கடைசியில். பிறகு, "அப்ப என்ன செய்யலாம்கிற? சும்மா விட்டுட்டா நாளைக்கு எல்லாரும் மறந்தேன்னு சொல்லிட்டுப் போயிருவாங்களே."

"ஆளத் தண்டிக்கவேணாம் டீச்சர், தண்ணிய நிப்பாட்டுவோம்" என்றாள் தமிழ்நிலா. "வால்வு ராத்திரி மூடியிருக்கட்டும். அளந்தாத்தான் தெறக்கணும். அளக்கலைன்னா அளக்கலைன்னு எழுதலாம். எழுதுனா வேற யாராவது வந்து அளப்பாங்க. அம்புட்டுத்தான்."

"தண்ணி வரலைன்னா பிள்ளைகளே சத்தம் போடுவாங்க மிஸ்" என்றாள் தீபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னைக்குப் போட்ட மாதிரி."

டீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஒரு தாளை எடுத்தார்.

ஜக்கு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். தமிழ்நிலா அவள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே செத்த நேரம் நின்றாள். உள்ளே போகக் கால் வரவில்லை. ஜக்குவின் அம்மா வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "செஞ்சது நீதான்னு சொன்னாங்க. சொன்னதும் நீதான்னு சொன்னாங்க" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை மைக்கில் மூன்று பேரும் தாங்களே நடந்ததைச் சொன்னார்கள். யாரோ பின்வரிசையில் ஏதோ சொல்ல, யாரோ "சும்மா இருலே" என்றார்கள். அதற்குப் பிறகு மணிமேகலை டீச்சர் மோகன்குமாரை முன்னால் கூப்பிட்டு, எல்லோர் முன்பும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொடிக்கம்பத்தைப் பார்த்தான்.

வியாழக்கிழமை ஆனந்த்ராஜின் முறை. பஸ் பழுதாகி அவன் ஒன்பதேகாலுக்குத்தான் வந்தான். நோட்டைத் திறந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கட்டத்தில் "8.50-க்கு அளக்கவில்லை" என்று எழுதி, கீழே தன் பெயரையும் எழுதினான். தீபா வந்து ஐந்து சொட்டு விட்டு அளந்தாள். 0.5. அதே கட்டத்தில் "9.20, தீபா" என்று எழுதிவிட்டுப் போய் வால்வைத் திறந்தாள்.

நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது ஒட்டியிருக்கும் விதி இதுதான்: அளக்க முடியாதவர் "அளக்கவில்லை" என்று எழுதவேண்டும், அப்படி எழுதியதற்காக யார் பெயரும் வாசிக்கப்படாது, யாராவது ஒருவர் அளந்து எழுதும்வரை குடிநீர் வால்வு மூடியே இருக்கும்.